ஒரு துளியின் அளவு: அடிவாரத்து மண்ணிலிருந்து ஓர் அறிவியல் பாடம்

தண்ணீர் ஊற்றினால் குழம்பு இளகும். இது மூன்றாம் வகுப்புக் குழந்தைக்கும் தெரியும். தண்ணீரைக் கூட்டாமல் இளக்க முடியுமா? ஒன்பதாம் வகுப்பில் இந்தக் கேள்வியைக் கேட்டால் பெரும்பாலும் "முடியாது" என்றே பதில் வரும். சிலர் "சூடு பண்ணலாம்" என்பார்கள். கரண்டியில் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும் களிமண் குழம்பில் சிறிதளவு சோடியம் சிலிக்கேட் கரைசலை விட்டுக் கலக்கிக் காட்டுங்கள். சற்று முன் அசையாமல் இருந்த குழம்பு மோர் போல வழியும். வகுப்பே எழுந்து நின்று பார்க்கும்.

இதை ஒரு வேடிக்கையாகக் காட்டிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம். ஆனால் இதற்குள் தொங்கல், கூழ்மம், பாகுநிலை, அயனி, திரிதல், உலோகவியல் என வெவ்வேறு வகுப்புகளில் சிதறிக் கிடக்கும் பல பாடங்கள் ஒன்றாக உள்ளன. அவற்றைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. "கொஞ்சம் போட்டால் நல்லது, நிறையப் போட்டால் இன்னும் நல்லது" என்ற எண்ணம் நம் மாணவர்களிடம் ஆழமாகப் பதிந்திருக்கிறது. அதை அவர்கள் கையாலேயே சோதித்துத் திருத்திக்கொள்ள இந்தக் குழம்பு உதவும். ஏற்காடு அடிவாரத்தில் பணிபுரியும் ஓர் அறிவியல் ஆசிரியராக, எங்கள் வட்டார மண்ணையும் கல்லையும் கொண்டு இந்தப் பாடத்தை நடத்தும் முறையை இங்கே பகிர்கிறேன். எந்த ஊர் ஆசிரியரும் தம் ஊர் மண்ணைக் கொண்டு இதைச் செய்யலாம்.

மலைமேல் ஒன்று, அடிவாரத்தில் ஒன்று

சேர்வராயன் மலைத்தொடர் செராமிக் தொழிலுக்குத் தேவையான இரண்டு கனிமங்களைத் தன்னிடம் வைத்திருக்கிறது. அடிவாரத்திலிருந்து இருபது கொண்டை ஊசி வளைவுகளைக் கடந்து மேலே போனால், சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் ஏற்காடு. அங்குள்ள சார்னோகைட் பாறை, நெடுங்காலம் மழையில் ஊறிச் சிதைந்ததால் உருவானது பாக்சைட். மேட்டூரில் 1960களில் உற்பத்தியைத் தொடங்கிய அலுமினிய ஆலைக்கு ஏற்காட்டிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும் பாக்சைட் சென்றது. பாக்சைட்டைத் தூய்மைப்படுத்தினால் அலுமினா, அதாவது அலுமினியம் ஆக்சைடு கிடைக்கும். அதை மின்னாற்பகுத்தால் அலுமினியம். மின்னாற்பகுக்காமல் பொடியாகவே எடுத்து வடிவம் கொடுத்துச் சுட்டால் அது ஒரு செராமிக் பொருள். வாகனத்தின் ஸ்பார்க் பிளக்கில் வெள்ளையாகத் தெரியும் பகுதி அலுமினாவால் ஆனதுதான்.

மலையிலிருந்து இறங்கினால் கருப்பூர், குரும்பப்பட்டி, செட்டிச்சாவடிப் பகுதிகளில் வெள்ளை வெளேரென்று கல் குவியல்கள் தெரியும். நம் மக்கள் வெள்ளைக்கல் என்று அழைக்கும் மேக்னசைட் அது. பார்ப்பதற்குச் சுண்ணாம்பு போல இருப்பதால் ஆங்கிலேயர் இவ்விடத்தைச் 'சாக் ஹில்ஸ்' என்று அழைத்தனர். உண்மையில் அது சுண்ணாம்பு அல்ல, மெக்னீசியம் கார்பனேட். 1979இல் தொடங்கப்பட்ட அரசு நிறுவனமான தமிழ்நாடு மேக்னசைட் நிறுவனமும் இங்கே சுரங்கம் நடத்தி வந்துள்ளது. வெள்ளைக்கல்லைச் சூளையில் சுட்டால் கார்பன் டைஆக்சைடு வெளியேறி மெக்னீசியா, அதாவது மெக்னீசியம் ஆக்சைடு எஞ்சும். அதன் உருகுநிலை சுமார் 2,850 டிகிரி செல்சியஸ். இரும்பு 1,538 டிகிரியில் உருகிவிடும். எனவே உருக்கு ஆலை உலைகளின் உட்புறத்துக்கு மெக்னீசியா செங்கல் கவசமாகிறது.

எங்கள் பள்ளிப் பிள்ளைகள் இந்தக் குவியல்களைத் தினமும் பார்த்துக்கொண்டே வருகிறார்கள். பாடப்புத்தகத்தில் பாக்சைட் என்ற சொல்லைப் படிக்கும்போது, அது தலைக்கு மேலே உள்ள மலையில் இருக்கிறது என்பது பலருக்குத் தோன்றுவதில்லை. பாடத்தை ஊரின் மண்ணில் ஊன்றுவதற்கு இது நல்ல இடம்.

குழம்பு ஏன் பாய வேண்டும்?

அலுமினாவோ களிமண்ணோ, செராமிக் பொருளை உலோகம் போல உருக்கி ஊற்றி வார்ப்பது எளிதல்ல. உருகுநிலை மிக அதிகம். எனவே நுண்ணிய பொடியாக்கி, நீரில் கலந்து, குழம்பாக்கி அச்சில் ஊற்றுகிறார்கள். தொழிலகங்களில் இதை 'ஸ்லிப்' என்பார்கள். தமிழகத்தில் இதை நேரில் காண விரும்புவோர் விருத்தாசலம் செல்லலாம். அங்கே செராமிக் தொழிற்பேட்டையும், செராமிக் தொழில்நுட்பம் கற்பிக்கும் அரசுக் கல்வி நிலையமும் உள்ளன. கார்த்திகைக்கு அகல் விளக்கு, நவராத்திரிக்குக் கொலு பொம்மை எனப் பல பொருள்கள் அங்கே உருவாகின்றன.

பொம்மை வார்க்கும் அச்சு பிளாஸ்டர் ஆஃப் பாரிஸால் ஆனது. குழம்பை உள்ளே ஊற்றியதும் அச்சு நீரை உறிஞ்சும். அச்சின் உட்சுவரை ஒட்டி மண் ஒரு படலமாகப் படியும். போதிய தடிமன் வந்ததும் மீதிக் குழம்பைக் கவிழ்த்துக் கொட்டிவிட்டால் உள்ளே கூடான பொம்மை கிடைக்கும். பொம்மையின் மூக்கு, விரல், ஆடை மடிப்பு வரை குழம்பு போய்ச் சேர வேண்டும். அதற்கு அது நன்றாகப் பாய வேண்டும்.

தண்ணீரை ஊற்றிப் பாயவிடலாமே என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். கேட்காவிட்டால் நாம் கேட்க வைக்க வேண்டும். தண்ணீர் கூடினால் என்ன ஆகும் என்று அவர்களையே பட்டியலிடச் சொல்லுங்கள். அச்சு விரைவில் ஊறிப்போய் வேலை செய்யாது. மண் காயும்போது அதிகமாகச் சுருங்கி வெடிக்கும். நீர் போன இடம் வெற்றிடமாகி, சுட்ட பொருள் பலம் குன்றும். குழம்பு நிற்கும்போது மண் அடியில் தங்கிவிடும். இவற்றுடன் எரிபொருள் செலவையும் சேர்க்கலாம்.

இதற்கு ஒரு சிறு கணக்கு. 100 கிலோ மண்ணுக்கு 60 கிலோ நீருக்குப் பதிலாக 35 கிலோ நீர் போதுமானால் மிச்சம் 25 கிலோ. ஒரு கிலோ நீரை ஆவியாக்க 2,260 கிலோஜூல் வெப்பம் வேண்டும். 25 × 2,260 = 56,500 கிலோஜூல். இவ்வளவு வெப்பம் மிச்சம். உள்ளுறை வெப்பம் என்ற கருத்து எதற்குப் பயன்படுகிறது என்பது அப்போது விளங்கும்.

ஆக, தொழிலகம் கேட்பது இரண்டு. மண் நிறைய இருக்க வேண்டும். குழம்பு நன்றாகப் பாயவும் வேண்டும். ஒன்றுக்கொன்று முரணான இந்த இரண்டையும் சேர்த்து வைப்பதுதான் சேர்பொருளின் வேலை. களிமண் வார்ப்பில் சேர்க்கப்படும் சோடியம் சிலிக்கேட்டின் அளவு, உலர்ந்த மண்ணின் எடையில் பெரும்பாலும் 0.2 முதல் 0.5 விழுக்காடுதான்.

செயல்பாடு 1: ஆறு கிண்ணங்கள்

தேவையானவை: சீனாக் களிமண் பொடி 600 கிராம், ஆய்வகத்தில் உள்ள சோடியம் சிலிக்கேட் கரைசல், ஆறு கிண்ணங்கள், அளவு உருளை, தராசு, ஒரு கண்ணாடித் தகடு அல்லது தரை ஓடு, 5 செ.மீ. விட்டமும் 5 செ.மீ. உயரமும் கொண்ட பிவிசி குழாய்த் துண்டு, அளவுகோல். சீனாக் களிமண் கிடைக்காத இடத்தில் குயவரிடம் வாங்கிய மண்ணை உலர்த்தி, இடித்து, மெல்லிய துணியில் சலித்துப் பயன்படுத்தலாம்.

முதலில் 10 மி.லி. சோடியம் சிலிக்கேட் கரைசலை 90 மி.லி. நீரில் கலந்து நீர்த்த கரைசல் தயாரிக்கவும். ஒவ்வொரு கிண்ணத்திலும் 100 கிராம் மண் இடவும். நீர்த்த கரைசலை முறையே 0, 2, 4, 8, 16, 32 மி.லி. எடுத்துக்கொள்ளவும். அத்துடன் சாதாரண நீரை முறையே 70, 68, 66, 62, 54, 38 மி.லி. சேர்க்கவும்.

இந்த இடத்தில் நிறுத்தி, "ஏன் நீரைக் குறைத்துக்கொண்டே போகிறோம்?" என்று கேளுங்கள். பாடத்தின் பாதி இந்தக் கேள்வியில் இருக்கிறது. கரைசலிலும் நீர் இருக்கிறது. நீரைக் குறைக்காவிட்டால் குழம்பு இளகியது சேர்பொருளாலா, கூடிப்போன நீராலா என்று சொல்ல முடியாது. எல்லாக் கிண்ணத்திலும் மொத்தத் திரவம் 70 மி.லி. ஒரு காரணியை மட்டும் மாற்றி, மற்றவற்றை மாறாமல் வைப்பதுதான் நியாயமான சோதனை. இதைச் சொல்லிக் கொடுப்பதைவிட மாணவர்களே கண்டுபிடித்துச் சொன்னால் மறக்க மாட்டார்கள்.

ஒவ்வொன்றையும் ஒரே அளவு நேரம், ஐந்து நிமிடம், நன்றாகக் கலக்க வேண்டும். பிறகு தகட்டின் மேல் குழாய்த் துண்டை நிமிர்த்தி வைத்து, குழம்பை விளிம்பு வரை நிரப்பி, குழாயை நேராக மேலே தூக்க வேண்டும். குழம்பு வட்டமாகப் பரவும். முப்பது விநாடி கழித்து வட்டத்தின் விட்டத்தைக் குறுக்கும் நெடுக்குமாக இருமுறை அளந்து சராசரி காண வேண்டும். கட்டட வேலையில் கான்கிரீட்டின் இளக்கத்தைச் சோதிக்கும் ஸ்லம்ப் சோதனையின் சிறிய வடிவம் இது. உலைகளுக்கான வார்ப்புக் கலவையையும் இதுபோலப் பரவவிட்டுத்தான் சோதிக்கிறார்கள். நீர் 70 மி.லி. போதாமல் முதல் கிண்ணம் உருண்டையாக நின்றாலோ, எல்லாமே தண்ணீராக ஓடினாலோ மண்ணின் தன்மைக்கேற்ப மொத்த நீரைச் சற்று மாற்றிக்கொள்ளலாம். ஆறு கிண்ணத்திலும் அது ஒன்றாக இருக்க வேண்டும், அவ்வளவுதான்.

சோதனைக்கு முன் ஒவ்வொரு குழுவும் தன் கணிப்பை வரைபடமாக வரைய வேண்டும். கிடை அச்சில் சேர்பொருளின் அளவு, செங்குத்து அச்சில் வட்டத்தின் விட்டம். ஏறக்குறைய எல்லாக் குழுக்களும் மேல்நோக்கி ஏறும் நேர்கோடு ஒன்றை வரைவார்கள். நம் பாடநூல்களில் அவர்கள் பார்த்தவை பெரும்பாலும் நேர்கோடுகளே.

கிடைப்பது வேறு. விட்டம் முதலில் வேகமாக ஏறும். ஓர் இடத்தில் உச்சம் தொடும். அதன்பின் சேர்பொருள் கூடக் கூட விட்டம் குறையத் தொடங்கும், குழம்பு மீண்டும் கெட்டிப்படும். உச்சம் எந்தக் கிண்ணத்தில் வரும் என்பது மண்ணைப் பொறுத்தது. சில மண்ணில் இறக்கம் தெளிவாகத் தெரிய 32 மி.லி.க்கு மேலும் போக வேண்டியிருக்கும். அப்படியானால் கரைசலைச் சற்றுச் செறிவாகத் தயாரித்து ஏழாவது கிண்ணம் ஒன்று வைக்கலாம். கணித்த கோட்டையும் கிடைத்த கோட்டையும் ஒரே தாளில் வெவ்வேறு நிறத்தில் வரையச் சொல்லுங்கள். அந்தத் தாளை வகுப்பறைச் சுவரில் ஒட்டி வைப்பது நல்லது.

உள்ளே நடப்பது என்ன?

சீனாக் களிமண் துகள் ஒவ்வொன்றும் மெல்லிய தட்டு வடிவம். அகலம் பெரும்பாலும் 2 மைக்ரோமீட்டருக்கும் குறைவு. தலைமுடியின் தடிமன் 50 முதல் 100 மைக்ரோமீட்டர் என்பதோடு ஒப்பிட்டுக் காட்டலாம். தட்டின் அகன்ற முகங்களில் எதிர் மின்சுமை இருக்கும். விளிம்புகளில், அமில அல்லது நடுநிலை நீரில், நேர் மின்சுமை இருக்கும். நேரும் எதிரும் ஈர்க்கும் அல்லவா? ஒரு தட்டின் விளிம்பு இன்னொரு தட்டின் முகத்தில் போய் ஒட்டிக்கொள்ளும். சீட்டுக்கட்டில் வீடு கட்டியது போல ஓர் அமைப்பு உருவாகும். அந்த வீட்டின் அறைகளுக்குள் நீர் சிறைப்பட்டுவிடும். நீர் இருக்கிறது, ஆனால் பாய உதவாது. அதனால்தான் குழம்பு கெட்டியாகத் தெரிகிறது.

சோடியம் சிலிக்கேட் மூன்று வேலைகளைச் செய்கிறது. முதலாவது, அது காரத்தன்மை கொண்டது. விளிம்பில் உள்ள நேர் மின்சுமையை நீக்குகிறது. இரண்டாவது, சிலிக்கேட் அயனிகள் விளிம்பில் ஒட்டி அங்கும் எதிர் மின்சுமையைத் தருகின்றன. மூன்றாவது, மண்ணிலும் நீரிலும் உள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகளைக் கரையாத சிலிக்கேட்டாக மாற்றி ஒதுக்கிவிடுகிறது. அவற்றின் இடத்தில் சோடியம் அயனிகள் வருகின்றன. இப்போது தட்டின் எல்லாப் பக்கமும் எதிர் மின்சுமை. தட்டுகள் ஒன்றையொன்று விலக்குகின்றன. சீட்டு வீடு சரிகிறது. சிறைப்பட்ட நீர் விடுபடுகிறது. நாம் நீரைச் சேர்க்கவில்லை. உள்ளே பூட்டியிருந்த நீரைத் திறந்துவிட்டோம்.

பிறகு ஏன் மீண்டும் கெட்டிப்படுகிறது? துகளைச் சுற்றிச் சோடியம் அயனிகள் ஒரு மேகம் போல நிற்கின்றன. அந்த மேகம் அகலமாக இருக்கும் வரை துகள்கள் நெருங்க முடியாது. சேர்பொருளை மேலும் மேலும் ஊற்றினால் நீரில் அயனிகளின் செறிவு கூடுகிறது. மேகம் சுருங்குகிறது. விலக்கும் விசையின் எட்டும் தூரம் குறைகிறது. துகள்கள் நெருங்கி மறுபடியும் ஒட்டிக்கொள்கின்றன. இளக்கிய அதே பொருளே இப்போது இறுக்குகிறது.

இதை விளையாட்டாகவும் நடத்தலாம். பத்து மாணவர்கள் ஆளுக்கு ஓர் அட்டையைப் பிடித்துக்கொண்டு, அட்டையின் விளிம்பை அடுத்தவர் அட்டையின் முகத்தில் தொட்டு நிற்கட்டும். நடுவில் இரண்டு பேர் 'நீர்' ஆக அகப்பட்டுக்கொள்ளட்டும். 'சிலிக்கேட்' என்று சொன்னதும் எல்லாரும் ஒரு கை தூரம் விலக வேண்டும். அகப்பட்டவர்கள் வெளியே ஓடிவிடுவார்கள். ஆறாம் வகுப்புக்கு இவ்வளவு விளக்கம் போதும்.

செயல்பாடு 2: இளகியதை இறுக்குவோம்

நன்றாகப் பாயும் கிண்ணத்தை எடுத்து மூன்றாகப் பிரிக்கவும். ஒன்றில் சமையல் உப்பு, ஒன்றில் பேதி உப்பு எனப்படும் மெக்னீசியம் சல்பேட், ஒன்றில் படிகாரம் ஆகியவற்றின் நீர்த்த கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டுக் கலக்கவும். எது எத்தனை சொட்டில் குழம்பைக் கெட்டிப்படுத்துகிறது என்று எண்ண வேண்டும். மூன்று கரைசலும் ஒரே மோலார் செறிவில் இருப்பது மேல்நிலை வகுப்புக்கு அவசியம். பொதுவாகச் சோடியத்தைவிட மெக்னீசியமும், மெக்னீசியத்தைவிட அலுமினியமும் குறைந்த அளவில் வேலை செய்யும். அயனியின் மின்சுமை 1, 2, 3 என்று கூடும்போது திரட்டும் திறன் பல மடங்கு கூடுகிறது. பன்னிரண்டாம் வகுப்பில் படிக்கும் ஹார்டி-சூல்ஸ் விதி இதுவே.

சேலம் வட்டாரத்தில் இதோடு இன்னொரு ஆய்வையும் சேர்க்கலாம். ஒரு கிண்ணத்தை மழைநீரிலும், இன்னொன்றை ஆழ்துளைக் கிணற்று நீரிலும் தயாரித்து, ஒரே அளவு சேர்பொருள் விட்டுப் பாருங்கள். கிணற்று நீர் கடினநீராக இருந்தால் அதிலுள்ள கால்சியம், மெக்னீசியம் அயனிகள் சேர்பொருளின் ஒரு பகுதியைத் தின்றுவிடும். குழம்பு அவ்வளவாக இளகாது. நீரின் கடினத்தன்மையைச் சோப்பு நுரை கொண்டு மட்டுமே காட்டி வந்தோம். இப்போது இன்னொரு வழி கிடைக்கிறது.

திரட்டுவது எப்போதும் கெடுதல் அல்ல. மழைக்காலத்தில் மலையிலிருந்து செந்நிறமாக இறங்கும் ஓடைநீரை ஒரு பாட்டிலில் பிடித்து வைத்தால் நாள் கணக்கில் கலங்கலாகவே நிற்கும். சிறிது படிகாரம் போட்டால் சற்று நேரத்தில் தெளிந்துவிடும். நம் முன்னோர் மண்பானையின் உட்புறத்தில் தேற்றாங்கொட்டையை இழைத்து நீரைத் தெளியவைத்தார்கள். கொட்டையில் உள்ள நீண்ட சங்கிலி மூலக்கூறுகள் துகள்களைப் பிணைத்துக் கட்டியாக்கி அடியில் இறக்குகின்றன. பாக்சைட்டிலிருந்து அலுமினா பிரிக்கும் பேயர் முறையிலும் இதே தேவை வருகிறது. சோடியம் ஹைட்ராக்சைடில் அலுமினா கரைந்தபின் எஞ்சும் செந்நிறச் சேற்றைக் கரைசலிலிருந்து விரைவாகப் பிரிக்க வேண்டும். அதற்கு ஸ்டார்ச்சையும் பின்னர் செயற்கைப் பாலிமர்களையும் பயன்படுத்தினார்கள். ஒரே தொழிலில் ஒரு கட்டத்தில் திரட்ட வேண்டும், இன்னொரு கட்டத்தில் பிரிக்க வேண்டும். இரண்டுக்கும் அடிப்படை ஒன்றே: துகளின் மேற்பரப்பில் உள்ள மின்சுமையும், அதில் ஒட்டும் மூலக்கூறும்.

நின்றால் கெட்டி, கலக்கினால் இளக்கம்

செயல்பாடு 2இல் சற்றே கெட்டிப்பட்ட குழம்பைப் பத்து நிமிடம் அசைக்காமல் வையுங்கள். கிண்ணத்தைச் சாய்த்தால் தயிர் போல நிற்கும். கரண்டியால் கலக்கினால் மீண்டும் ஓடும். மறுபடி வைத்தால் மறுபடி இறுகும். நிற்கும்போது சீட்டு வீடு மெல்ல மெல்லக் கட்டப்படுகிறது, கலக்கும்போது இடிகிறது. நீருக்கும் எண்ணெய்க்கும் ஒரு வெப்பநிலையில் பாகுநிலை ஒரே மதிப்பு. இந்தக் குழம்புக்கோ எவ்வளவு வேகமாகக் கலக்குகிறோம், எவ்வளவு நேரம் ஓய்வு தந்தோம் என்பதைப் பொறுத்து மதிப்பு மாறும். தக்காளி சாஸ் பாட்டிலைக் குலுக்கினால்தான் வருகிறது என்பதை எல்லாரும் பார்த்திருப்பார்கள். அதுவும் இதே வகை.

இப்பண்பு உருக்கு ஆலையில் மிகவும் வேண்டப்படுகிறது. உருகிய உருக்கு அச்சுக்குள் போகுமுன் தங்கும் தொட்டியின் உட்சுவரில் மெக்னீசியாக் கலவையை நீரோடு சேர்த்துக் குழாய் வழியாகப் பீய்ச்சிப் பூசுகிறார்கள். குழாய்க்குள் அது ஓட வேண்டும். சுவரில் பட்டதும் வழியாமல் நிற்க வேண்டும். களிமண், சிலிக்கேட் அல்லது பாஸ்பேட், நார் என்று சிறிய அளவில் சேர்க்கப்படும் பொருள்களே இந்த இரு குணங்களையும் தருகின்றன. வீட்டுச் சுவருக்கு அடிக்கும் பெயின்ட்டும் அப்படித்தான்: பிரஷ்ஷில் இளக வேண்டும், சுவரில் வழியக் கூடாது.

எல்லா மண்ணுக்கும் ஒரே சேர்பொருளா?

மேல்நிலை மாணவர்கள் இந்தக் கேள்விக்குப் போக வேண்டும். களிமண்ணுக்கு உதவிய முறையை நம் மலையின் இரு ஆக்சைடுகளுக்கும் அப்படியே பொருத்த முடியாது.

அலுமினாத் துகளின் மேற்பரப்பு அமில நீரில் நேர் மின்சுமையும், வலுவான கார நீரில் எதிர் மின்சுமையும் பெறும். pH ஏறக்குறைய 9 ஆக இருக்கும்போது நிகர மின்சுமை இல்லை. விலக்கும் விசையும் இல்லை. குழம்பு அங்கே மிகவும் கெட்டிப்படும். எனவே அலுமினாக் குழம்பைச் சிறிது அமிலம் சேர்த்தும் இளக்கலாம். பாலிஅக்ரிலேட் போன்ற நீண்ட மூலக்கூறுகளைத் துகளின் மேல் போர்த்தியும் இளக்கலாம். போர்வை மின்சுமையைத் தருவதோடு, துகள்கள் நெருங்காமல் இடையில் நின்றும் தடுக்கிறது.

மெக்னீசியாவின் சிக்கல் வேறு. அது நீருடன் வினைபுரிந்து மெக்னீசியம் ஹைட்ராக்சைடாக மாறும். அப்போது திண்மத்தின் கன அளவு இரு மடங்குக்கு மேல் பெருகும். வார்த்த பொருள் உள்ளிருந்தே வெடித்துவிடும். குறைந்த வெப்பத்தில் சுட்ட மெக்னீசியா விரைவாக வினைபுரியும். 1,500 டிகிரிக்கு மேல் நன்றாகச் சுட்டது மெதுவாக வினைபுரியும். சிட்ரிக் அமிலம் போன்ற சேர்பொருள்கள் துகள்களைப் பிரிப்பதோடு இந்த வினையையும் தாமதப்படுத்துகின்றன. அதனால் ஒரு சேர்பொருளைத் தேர்வதற்கு முன் துகள் என்ன, நீர் என்ன, pH என்ன என்ற மூன்றையும் கேட்க வேண்டும்.

வகுப்பறையில் நடத்தும்போது

தொடக்க நிலையில் கலங்கல் நீர், படிகாரம் ஆகியவற்றோடு நிறுத்திக்கொள்ளலாம். இரு பாட்டில்கள், ஒன்றில் மட்டும் படிகாரம். எது முதலில் தெளிகிறது என்று பார்த்து வரைந்தால் போதும். 6 முதல் 8 வரை ஆறு கிண்ணச் சோதனையும் அட்டை விளையாட்டும். 9, 10 வகுப்புகளில் வரைபடம், தொங்கல்-கூழ்மம் வேறுபாடு, அலுமினிய உலோகவியல். மேல்நிலையில் பாகுநிலை, திரிதல், pH.

பெற்றோரின் தொழிலைப் பாடத்துக்குள் அழைப்பதை மறக்க வேண்டாம். எங்கள் வகுப்பில் சோதனை முடிந்ததும் ஒரு மாணவி, "சார், எங்கப்பா காங்கிரீட்ல ஒரு கெமிக்கல் ஊத்துவாங்க, தண்ணி கம்மியா போதும்னு சொல்லுவாங்க. அதுவும் இதுதானா?" என்று கேட்டாள். அதுவும் இதுதான். கட்டட வேலையில் சூப்பர் பிளாஸ்டிசைசர் என்று விற்கப்படும் அந்தச் சேர்பொருள், சிமென்ட் துகள்களைப் பிரித்து, அவற்றுக்கிடையே அகப்பட்ட நீரை விடுவிக்கிறது. அதுவரை வாய் திறக்காத அந்தப் பெண், தன் அப்பா ஒரு மூட்டைக்கு எவ்வளவு ஊற்றுவார், கூடிப்போனால் என்ன ஆகும் என்று வகுப்புக்கு விளக்கினாள். கூடிப்போனால் ஜல்லி கீழே இறங்கிவிடும், நீர் மேலே நிற்கும் என்று அவள் சொன்னது பாடப்புத்தகத்தில் இல்லாத, சரியான தகவல். மேஸ்திரியும் குயவரும் வெள்ளைக்கல் சுரங்கத் தொழிலாளியும் தம் பிள்ளைகளுக்குத் தரக்கூடிய அறிவியல் இருக்கிறது. அதற்கு வகுப்பறையில் ஓர் இடம் தேவை.

மதிப்பீட்டுக்குச் சில வினாக்கள்:

1. ஆறு கிண்ணத்திலும் மொத்தத் திரவத்தை ஏன் மாறாமல் வைத்தோம்?
2. ஆறு நீர் கடலில் கலக்கும் இடத்தில் வண்டல் படிவது ஏன்? உப்பின் பங்கு என்ன?
3. பாய்ந்துகொண்டிருந்த குழம்பு அடுத்த வாரம் கெட்டியாகிவிட்டது. அதற்கு எத்தனை காரணங்கள் இருக்கலாம்? ஒவ்வொன்றையும் எப்படிச் சோதிப்பீர்கள்?
4. உங்கள் வரைபடத்தில் உச்சத்துக்கு இரு பக்கமும் ஒரே விட்டம் தரும் இரண்டு அளவுகள் உள்ளன. தொழிலகம் எதைத் தேர்ந்தெடுக்கும்? ஏன்?

கவனிக்க வேண்டியவை

சோடியம் சிலிக்கேட் காரப் பொருள். செறிந்த கரைசலை ஆசிரியரே கையாள வேண்டும். கையுறையும் கண்ணாடியும் அணிய வேண்டும். தோலில் பட்டால் உடனே நிறைய நீரில் கழுவ வேண்டும். உலர்ந்த மண்பொடியைத் தூசி எழாமல் மெதுவாக நீரில் தூவ வேண்டும். குழம்பைத் தொட்டியின் வடிகாலில் ஊற்றினால் அடைத்துக்கொள்ளும். தாளில் ஊற்றிக் காயவைத்து அப்புறப்படுத்தலாம். கல் மாதிரி சேகரிக்க மாணவர்களைச் சுரங்கப் பள்ளங்களுக்கு அனுப்பக் கூடாது. சாலையோரம் கிடைக்கும் ஒரு துண்டு வெள்ளைக்கல் போதும்.

வரைபடம் சொல்வது

சுவரில் ஒட்டிய அந்த வரைபடத்துக்கு மாணவர்கள் மீண்டும் மீண்டும் வருவார்கள். ஏறி இறங்கும் அந்தக் கோட்டைக் காட்டி, "வேறு எதற்கெல்லாம் இப்படி உச்சம் இருக்கும்?" என்று கேளுங்கள். குழம்பில் உப்பு என்று தொடங்குவார்கள். பிறகு செடிக்கு யூரியா வரும், காப்பித் தோட்டத்தில் அடிக்கும் மருந்து வரும், காய்ச்சலுக்குப் போடும் மாத்திரை வரும். சீக்கிரம் குணமாகட்டும் என்று ஒரு மாத்திரைக்கு இரண்டாக விழுங்கும் பழக்கமும், பயிர் பச்சையாக நிற்கட்டும் என்று மூட்டை மூட்டையாக உரம் கொட்டும் பழக்கமும் நம் ஊர்களில் உண்டு. "அளவாகப் போடு" என்ற அறிவுரையை அவர்கள் ஆயிரம் முறை கேட்டிருப்பார்கள். அந்த அளவைத் தாங்களே தேடிக் கண்டுபிடித்த பிள்ளைகள், அடுத்த முறை புட்டியில் ஒட்டியுள்ள சீட்டை ஒருமுறை படித்துப் பார்ப்பார்கள். அறுநூறு கிராம் மண்ணில் நடத்தும் ஒரு பாடத்துக்கு அது போதுமான பலன்.